மேசைக்குச் செய்த பிராசஸர்

முத்துசெல்வி முதல்முறை கடைக்கு வந்தபோது ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்திருந்தாள். அது 2006ஆம் வருஷம் ஆடி மாசம். கோவில்பட்டி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில் இருந்தது பூவனநாதனின் கம்ப்யூட்டர் கடை. ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. சீட்டில் மூன்று வரிகள். கார் ஓட்டுகிற கேம் ஓட வேண்டும். எம்பிராய்டரி டிசைன் போட வேண்டும். படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

“யாரும்மா எழுதுனது?”

“எங்க வீட்டுல அவிய எழுதிக் குடுத்தாவ அண்ணாச்சி.”

பசுவந்தனையில் வீடு. அவள் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். புருஷன் யோகராஜ் பத்து வருஷம் லாரி ஓட்டியவன். போன வருஷம் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு போனபோது ஓசூர் தாண்டி ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது. இடுப்பில் அடி, படுக்கைதான் என்றாள். துணிக் கம்பெனி முதலாளி புதிதாக எம்பிராய்டரி மெஷின் இறக்கியிருந்தார். கம்ப்யூட்டரில் பூவோ கொடியோ வரைந்து பிளாப்பியில் போட்டுக் கொடுத்தால் மெஷின் அதைப் பார்த்துத் தானே தைத்துவிடும். ‘உன் வீட்டுக்காரன் கத்துக்கிட்டான்னா வேலையை வீட்டுக்கே குடுத்துவிடுதேன்’ என்று அவர் சொல்லியிருந்தார்.

பூவனநாதனுக்கு இப்படித் தேவையைச் சொல்லிக் கேட்பவர்களைப் பிடிக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர்தான் என்று நினைப்பவர்கள். அவன் மூன்று பெட்டிகளை அவள் முன்னால் வைத்தான்.

“இது மேசைக் கம்ப்யூட்டர். கேமும் ஓடும், டிசைனும் ஓடும். ஆனா உக்காந்துதான் பாக்கணும். அவரால எவ்வளவு நேரம் உக்கார முடியும்?”

“அரை மணி நேரம். அதுக்கு மேல தலை சுத்திரும்.”

“அப்போ லேப்டாப்தான். இந்த ஒல்லியா இருக்கதுல மூளை, அதான் பிராசஸர், லேப்டாப்புக்குன்னே செஞ்சது. கரண்டு கம்மியாத் திங்கும், பேட்டரி நிக்கும், சூடு ஏறாது. டிசைன் வேலைக்கு இது தாராளம். கேம்தான் தடவும். படம் காட்டுத சிப்பு இதுல அவ்வளவு பலம் இல்ல.”

அவள் முகம் சற்று வாடியது. “கேம் ஓடணும்னு ரெண்டு தடவ சொல்லிவிட்டாவ அண்ணாச்சி.”

அப்போதுதான் பூவனநாதன் மூன்றாவது பெட்டியை இழுத்தான். சென்னையிலிருந்து வந்த பழைய லேப்டாப். செங்கல் கனம் இருக்கும். மேசைக் கம்ப்யூட்டருக்கென்று செய்த பிராசஸரையே அதற்குள் வைத்திருந்தார்கள். அப்படி வந்தவை கொஞ்சம்தான். ஒன்று தன் கையில் சிக்கியதில் அவனுக்குப் பெருமை உண்டு.

“இதைப் பாரும்மா. மேசைக்கு உண்டான வேகம், மடியிலயே வச்சிக்கிடலாம். பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்காது, வயரைச் சொருகியே வச்சிக்கிடணும். கொஞ்சம் சூடாகும். மத்தபடி கேம் பறக்கும்.”

வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள். “தலையாணி மேல வச்சிப் பாக்கலாமா?”

“ஐயையோ, அது மட்டும் செஞ்சிராதீங்க. இதுக்கு அடியிலதான் காத்து இழுக்குத ஓட்டை. பஞ்சு அடைச்சா எரிஞ்சிபோயிரும். சும்மா மடியிலயே வச்சிக்கிடச் சொல்லுங்க.”

அடுத்த வாரம் யோகராஜே போன் செய்தான். கரகரத்த குரல். “அண்ணாச்சி, கேம் ஓடுது அண்ணாச்சி. நேத்து நாலு மணி நேரம் வண்டிய விட்டு இறங்கல.” வேறொன்றும் சொல்லத் தெரியாமல் சிரித்தான். பூவனநாதனும் சிரித்தான். அன்று முழுக்க அவனுக்கு மனசு லேசாக இருந்தது.

புரட்டாசி பாதியில் முத்துசெல்வி மறுபடி வந்தாள். லேப்டாப்பை ஒரு பழைய சேலையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். மெலிந்திருந்தாள். கடையில் இருந்த இரண்டு பேர் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

“இதுல எதும் பழுது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“என்ன செய்யுது?”

“சுட்டுட்டு.”

பூவனநாதனுக்கு விளங்கவில்லை. அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். யோகராஜுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. ஆவணியில் ஒருநாள் அவள் வேலைக்குப் போனபிறகு லேப்டாப்பைத் தொடைமேல் வைத்து மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை விளையாடியிருக்கிறான். சாயங்காலம் வந்தவள் அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மாற்றிவிட மடிப்பை விலக்கினாள். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

“பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாவ. ஆழமா வெந்துட்டாம். உணர்வு இல்லாத சதை சீக்கிரம் ஆறாதுங்காவ. ‘கொதிக்கிற தண்ணி ஊத்துனியா’ன்னு டாக்டர் என்னையக் கேட்டாரு அண்ணாச்சி.”

பூவனநாதன் சேலைச் சுற்றைப் பிரித்தான். மெஷினை மேசையில் வைத்து, கேமைப் போட்டு அப்படியே ஓடவிட்டான். சின்ன விசிறி இரைந்தது. இருபது நிமிஷம் கழித்து அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்தான். பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

“நானும் வச்சிப் பாக்கேன்” என்றாள்.

வைத்தாள். எடுக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் நிறைந்து, கையை அங்கேயே வைத்திருந்தாள். அவன்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். உள்ளங்கை சிவந்திருந்தது.

“இம்புட்டு இருந்திருக்கு” என்றாள் மெதுவாக.

சொல்வதற்கு அவனிடம் சாக்குகள் இருந்தன. உணர்வு இல்லை என்று நீ சொல்லவில்லையே என்றிருக்கலாம். கரிசல் புழுதி விசிறியை அடைத்துவிட்டது என்றிருக்கலாம்; அது உண்மையும்கூட. பின்மூடியைக் கழற்றியபோது விசிறி இதழ்களில் புழுதியும் துணி நூலும் திரிபோலத் திரண்டிருந்தன. ஆனால் தலையணை வேண்டாம், மடியில் வை என்று வாசல்வரை வந்து சொன்னவன் அவன்தான். படுக்கையில் இருக்கிற ஆளுக்கு என்று தெரிந்தும், என்ன மாதிரிப் படுக்கை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பழுது ஒண்ணும் இல்லம்மா. இந்த மெஷின் இப்படித்தான் இருக்கும். நான் சொன்னதுதான் தப்பு.”

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். “நானாவது உள்ளதைச் சொல்லியிருக்கணும். அன்னைக்குக் கடையில நாலு ஆம்பளைய நின்னுக்கிட்டிருந்தாவ. எங்க வீட்டுல அவியளுக்கு இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?” என்று மட்டும் சொல்லி, மெஷினைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூவனநாதன் பசுவந்தனைக்குப் போனான். முந்தின ராத்திரி மழை. பைக்கைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினால், ஒவ்வொரு எட்டுக்கும் மண் செருப்போடு ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்பக்கம் ஆட்டுத் தொழுவம் வைத்த ஓட்டு வீடு. முத்துசெல்வி அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

யோகராஜ் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தான். அகலமான தோள், உருண்ட கை. போர்வைக்குக் கீழே இருந்த கால்கள் வேறு யாருடையவோ போலச் சூம்பிக் கிடந்தன.

“வாங்க அண்ணாச்சி. மெஷினக் கொண்டுட்டு வந்தீங்களா?”

“இல்ல தம்பி.”

“ஏன்?”

பூவனநாதன் மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தான்.

“அது உங்களுக்கு வேண்டாம் தம்பி. அதை உங்களுக்குக் குடுத்திருக்கவே கூடாது.”

“விளங்குத மாதிரிச் சொல்லுங்க. மத்ததுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாமே கம்ப்யூட்டர்தான?”

பூவனநாதன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான். மேசைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் வேகம் ஒன்றையே நினைத்துச் செய்தது. கரண்டு எவ்வளவு தின்றாலும் கவலையில்லை. எத்தனை சூடானாலும் மேலே கைத்தண்டி அலுமினியக் கட்டியும் பெரிய விசிறியும் இருக்கின்றன, பெட்டிக்குள் காற்றுக்கு இடமும் இருக்கிறது. லேப்டாப் பிராசஸர் அப்படி இல்லை. அதைச் செய்கிறவன் சூட்டை நினைத்துத்தான் தொடங்குகிறான். வேலை இல்லாதபோது அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்குப் போட்டிருக்கிற எண் சின்னதாகத் தெரியும். ஆனால் அதே வேலையைக் குறைந்த சூட்டில் செய்துவிடும். “உங்களுக்கு நான் தந்தது மேசை ரகம். அதைக் கொண்டுபோய் லேப்டாப்போட கூட்டுல அடைச்சு வச்சிருந்தாங்க.”

யோகராஜ் அதை லாரிக் கணக்கில் போட்டுப் பார்த்தான்.

“பத்துச் சக்கர வண்டியோட எஞ்சினை டெம்போவுல வச்ச மாதிரி.”

“ஆமா தம்பி.”

“எஞ்சின் இழுக்கும். ரேடியேட்டர் காணாது.”

“ஆமா.”

“அப்போ என் தொடைதான் ரேடியேட்டர்.”

பூவனநாதன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படியில் ஏதோ பாத்திரம் நழுவி விழுந்தது. முத்துசெல்வி வெளியே வரவில்லை.

“நீங்க ஏன் தலையக் குனியுதீங்க அண்ணாச்சி? சுட்டது எனக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்சிருந்தா கும்பிட்டிருப்பேன். ‘ஏட்டி, கால் சுடுதுட்டி, ஓடிவா’ன்னு ஊரைக் கூட்டியிருப்பேன்.” போர்வை ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு மறுபடி சொன்னான். “விழுந்ததுல இருந்து என்னைய எல்லாரும் தூக்குதாவ, புரட்டுதாவ. அந்த நாலு மணி நேரம்தான் நான் ஒண்ணை ஓட்டுனேன். அதை எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் பூவனநாதனுக்குக் காதில் அந்த வார்த்தைதான் இருந்தது. மெஷினைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் தன் மனச்சுமை இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான். அது தன்னுடைய சௌகரியம் என்று இப்போது தெரிந்தது.

ஒல்லி லேப்டாப்பைக் கொடுக்கலாமா என்று பார்த்தான். சூடு ஏறாது, ஆனால் யோகராஜ் கேட்டது அதில் நடக்காது. சூடு குறைவு என்று சொல்லி இன்னொன்றை அந்தத் தொடைமேல் வைக்க அவனுக்கு இனி தைரியமும் இல்லை. ஆளை மெஷினுக்குத் தோதாக உட்கார வைக்க முடியாது. மெஷினைத்தான் ஆளுக்குத் தோதாக வைக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறை சோலைச்சாமியைக் கூட்டிக்கொண்டு மறுபடி பசுவந்தனைக்குப் போனான். கட்டிலை அளந்தார்கள். கட்டிலுக்குக் குறுக்கே பாலம்போல நிற்கிற ஒரு இரும்புச் சட்டம் அடித்தார் சோலைச்சாமி. தேவைக்கு முன்னும் பின்னும் நகர்த்த அடியில் சக்கரம். அதில் தட்டை மானிட்டர், சாய்ந்திருப்பவன் கண் மட்டத்துக்கு. கீபோர்டுக்கு ஒரு பலகை, வயிற்றுக்கு நாலு விரல் மேலே. உடம்பில் எதுவும் படாது. மேசைக் கம்ப்யூட்டர் பெட்டி தலைமாட்டில் ஒரு ஸ்டூலில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. கரண்டு போனால் கால்மணி நேரம் தாங்க ஒரு யு.பி.எஸ். பழையதுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டான்.

புண் ஆற மாசி ஆயிற்று. நடுவில் ஒரு தடவை சீழ் வைத்து, காலையே எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர்கள் பேசினார்கள். அந்த வாரம் பூவனநாதன் கடையைத் திறக்காமல் முத்துசெல்விக்குத் துணையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், தான் கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கமும் இரண்டு வைத்தாள். அதற்கு முன் அவனோடு அவள் எதையும் பகிர்ந்துகொண்டதில்லை.

கால் தப்பியது. தொடையில் பளபளப்பாக, மயிர் முளைக்காத ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் கனத்த லேப்டாப்பைக் கொஞ்சநாள் பரணில் போட்டிருந்தான். பிறகு ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோவை வெட்டிச் சேர்க்க மெஷின் கேட்டு வந்தார். நடந்ததை முழுசாகச் சொல்லி, மேசையில் வைத்து மட்டும் பாருங்கள் என்று கொடுத்தான். அவருக்கு அது நன்றாகத்தான் உழைத்தது. மெஷினின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது பூவனநாதனை இன்னும் கொஞ்சம் வருத்தியது.

எம்பிராய்டரி வேலை சுலபமாக வரவில்லை. யோகராஜ் போட்ட முதல் நாலு டிசைனில் நூல் அறுந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார். ஐந்தாவது, சின்னப்பிள்ளைக் கவுன் கழுத்துக்கு ஒரு ஆவாரம்பூக் கொத்து. அது மெஷினில் ஏறி நூல் அறாமல் தைத்து முடிந்தது. பங்குனியில் வாரத்துக்கு மூன்று பிளாப்பி என்று வேலை வரத்தொடங்கியது. காலையில் முத்துசெல்வி அதைச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

கேமை அவன் விடவில்லை. டிசைன் முடிந்த மத்தியானங்களில் ஓட்டுவான். ஒருநாள் விசிறியைச் சுத்தம் செய்யப் போன பூவனநாதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். திரையில் ஏதோ வெளிநாட்டுச் சாலை. வேகம் எண்பதைத் தாண்டவில்லை. எல்லா வண்டிகளும் இவனை முந்திப் போயின.

“பந்தயம் இல்லையா தம்பி? பின்னால கிடக்கீங்க?”

“லோடு இருக்கதா நினைச்சிக்கிட்டு ஓட்டுதேன் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு, வளைவு வந்ததும் யோகராஜ் பேச்சை நிறுத்திக்கொண்டான்.