அடுப்பை இடிக்க வந்தவர்கள்

பக்கத்து வீட்டு அடுப்பை இடித்துக் கொடு, உன் வாடகையில் ஒரு நாளைக் கழித்துக்கொள்கிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? நூறு வருஷத்துக்கு முன்னால் பின்லாந்தில் ஹாமே பக்கம் சொன்னார்கள். அங்கே வாடகை என்றால் காசு இல்லை, உடம்பு. பண்ணையார் நிலத்தில் குடியிருக்கிறவர்கள் வாரத்தில் மூன்று நாள் பண்ணைக்குப் போய் உழைக்க வேண்டும். மிச்ச நாளில்தான் சொந்தப் பிழைப்பு.

ஆகஸ்டு மாத விடியலில் லூவீசா பண்ணை வயலில் ரை என்கிற தானியக் கதிரை அறுத்துக்கொண்டிருந்தாள். பனித்துளியில் நனைந்த பாவாடை முழங்காலில் ஒட்டியது. தாளின் சுணை முன்கையைக் கீற, கீறிய இடத்தில் வியர்வை எரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுடைய கதிர் முற்றி உதிர்ந்துகொண்டிருந்தது. அங்கே அறுக்க ஆளில்லை. புருஷன் தாவெத்தி போன வருஷம் ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செத்துப்போனான். சதுப்பில் இடுப்பளவு சில்லிட்ட தண்ணீரில் நின்று வாய்க்கால் வெட்டினான். வாய்க்கால் முடிந்தது, நெஞ்சில் சளி கட்டி அவனும் முடிந்தான். தண்ணீர் வடிந்த இடம் நல்ல கறுப்பு மண்ணாக வெளியே வந்தது.

அதைப் பார்க்கத்தான் பண்ணையார் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"லூவீசா, உன் பக்கம் புதுசா ஒரு வயல் தெரியுதே."

"சதுப்புங்கய்யா. அவரு வெட்டித் திருத்தினது."

"நிலம் கூடிருச்சுன்னா வாடகையும் கூடணும்ல? அடுத்த வாரத்துலருந்து நாலு நாள் வா."

லூவீசா நிமிர்ந்தாள். அரிவாள் கையிலேயே இருந்தது.

"அங்க முன்னாடி தவளதான் குடியிருந்துச்சு. அதுகிட்ட நீங்க வாடக கேக்கலியேங்கய்யா."

அறுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் குஸ்தாதான் பலமாகச் சிரித்தான். பண்ணையாரின் காது சிவந்தது.

"தவள இருந்த எடமும் என்னோடதுதான். எங்க தாத்தாவுக்கு ராஜா குடுத்தது."

"ராஜா வந்து பாத்தாராக்கும்? எங்க மாமனாரு வந்தப்ப இங்க வெறும் காடு. மரத்த வெட்டினது அவரு. கல்லப் பொறுக்கினது எங்க அத்த. வயலானப்புறந்தான உங்க கங்காணி சங்கிலிய எடுத்துக்கிட்டு அளக்க வந்தான்?"

"நாலு நாள். இல்லேன்னா வீட்டக் காலி பண்ணு. உங்க மாமனாருக்கு எங்கப்பா கை குடுத்துப் பேசினதுதான? எழுத்து ஒண்ணும் இல்லியே."

எழுத்து இல்லைதான். கை குடுத்தால் பேச்சு முடிந்தது என்று நம்பிய ஜனங்கள் அவர்கள். அதற்கு மேலே காகிதம் கேட்டால் எதிராளியைத் திருடன் என்று சொல்வது மாதிரி. அந்த மரியாதையை வைத்தே பண்ணையார்கள் அவர்கள் கழுத்தை நெரித்தார்கள்.

லூவீசா நாலாவது நாள் போகவில்லை. அன்றைக்குத் தன் வயலை அறுத்தாள்.

முதல் பனி விழுந்த வாரம் வெளியேற்ற வந்தார்கள். வீட்டை இடிக்க வேண்டியதே இல்லை. அந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்குகிற கல்லடுப்பை இடித்தால் போதும், கைக்குழந்தைக்காரி தானாக வெளியே போய்விடுவாள். பண்ணையார் தன் கையால் கடப்பாரை தொடுவாரா? அதற்குத்தான் வாடகைக்கு உழைக்கிறவர்கள் இருக்கிறார்களே. கங்காணி அக்கம்பக்கத்து ஏழு வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு, இன்றைக்கு உங்கள் வாடகை நாள் லூவீசா வீட்டில் என்றான்.

அவர்கள் பனியை மிதித்துக்கொண்டு வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முன்னால் கடப்பாரையோடு குஸ்தா. லூவீசா குழந்தையோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க குஸ்தாண்ணே. கிறிஸ்துமஸுக்கு இதுல சுட்ட ரொட்டியத்தான தின்னீங்க? எந்தக் கல்லுலருந்து ஆரம்பிக்கப் போறீங்க?"

குஸ்தா அடுப்பின்மேல் கையை வைத்தான். சூடாக இருந்தது.

"என்னய்யா தடவிக்கிட்டு நிக்கிற?" வாசலிலிருந்து கங்காணி கேட்டான். "இடி. உனக்கு ஒரு நாள் கழியும்."

"கழியும். அடுத்த வருஷம் என் அடுப்ப இடிக்க இவங்கள அனுப்புவ. இவங்களுக்கு ஒரு நாள் கழியும். கடைசி ஆளோட அடுப்ப யாரு இடிப்பா, நீயா?"

"வேலைக்கு வந்தவன் வேலையப் பாரு."

"வாடகைன்னு என் முதுகக் குடுத்தேன். குதிரையக் குடுத்தேன். இதுக்கு என் கை வராது."

கடப்பாரையை வாசலுக்கு வெளியே வீசினான். பனியில் அது சத்தமில்லாமல் புதைந்தது. பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வீசினார்கள். ஒருவன் தயங்கிவிட்டுக் கடைசியாக வீசினான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள்.

"ஏழு பேரும் தெருவுக்கு வருவீங்கடா," என்றான் கங்காணி.

"வர்றோம். தனியா நின்னாத்தான் குளுரும்."

குஸ்தா விறகை எடுத்து அடுப்பில் திணித்தான். லூவீசா காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு வீட்டுக்கும் வெளியேற்ற உத்தரவு வந்தது. அன்றைக்குப் பண்ணையில் மாடு கறக்க எந்த வீட்டிலிருந்தும் ஒருவரும் போகவில்லை.