கடுகளவுச் சக்கரம்

நாலாவது கேமராவையும் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர், "இதுவும் சரியில்ல" என்றபோது, எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடையையே விலைக்கு வாங்கி இழுத்துப் பூட்டியிருப்பேன். அதற்குக் காசு இல்லை. ஒரு பழைய கேமராவுக்கே கையில் மட்டாகத்தான் இருந்தது.

"இதுல என்ன குறை?" என்று கேட்டேன்.

"பிடிப்பு சரியில்ல."

"இதுக்கு முன்னாடி பாத்ததுல?"

"சத்தம்."

"அதுக்கும் முன்னாடி?"

அதன் குறை அவருக்கே மறந்துபோயிருந்தது.

எங்களுடையது இரண்டு பேர் தொழில். அவர் படம் எடுப்பார். நான் அவற்றைக் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பமாக்கிக் கொடுப்பேன். கல்யாணம், பிறந்தநாள், வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்து வகுப்புப் படங்கள். இதில்தான் சாப்பாடு, வாடகை, மகளின் படிப்பு எல்லாம். மகள் முதல் வகுப்புப் போனபோது வாங்கிய கேமரா, அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் முகம் சுளிக்காமல் உழைத்தது. போன மாதம் ஒரு மண்டபத்தில் தோள்வார் அறுந்து, படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை உருண்டது. ரிப்பேர்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பண்ற செலவுல வேற ஒண்ணு வாங்கிடலாம்" என்று திரும்ப மூடிக் கொடுத்துவிட்டார்.

மகள் விடுதியில் உட்கார்ந்தபடி எங்களுக்கு யோசனை சொன்னாள். "மிர்ரர்லெஸ் வாங்குங்கப்பா. இனிமே உலகம் பூரா அதுதான்." உலகம் வாங்கட்டும். எங்களிடம் பழைய கேமராவுக்குப் பொருந்துகிற மூன்று லென்ஸ் இருக்கின்றன. அந்தப் புது வகை வாங்கினால் அவற்றை மாட்ட அடாப்டர் வேண்டும், இல்லையென்றால் லென்ஸையும் புதிதாக வாங்க வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம்தானே வேண்டும்? அதே கம்பெனியின் டி.எஸ்.எல்.ஆர்., பழையது, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எங்கள் வீட்டு நிதியமைச்சர் நான்தான். ஆல்ப வேலையில் மிச்சம் பிடித்து, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். அதற்குப் பின்னால் வேறு பணம் கிடையாது. அடுத்த வாரம் பள்ளிக்கூட வேலை தொடங்குகிறது.

கடைக்காரரின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். முதலில் அவர் காட்டியதே நல்ல கேமராதான். பழைய வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதுபோல, பழைய கேமராவுக்கு எத்தனை படம் எடுத்தது என்று பார்ப்பார்கள். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, பீரோவில் வைத்தே பூட்டியிருந்த கேமரா அது. அதிகம் படம் எடுத்ததில்லை. விலையும் எங்கள் கைக்கு அடங்கியது. அதைத்தான் இவர் கையில் எடுத்தவுடன் கீழே வைத்தார்.

"அண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு, பாத்துடுங்க" என்று கடைக்காரர் உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் நான் வாயை விட்டேன். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கு உங்க கதை."

இப்படிச் சொன்னால் அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி நின்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

கடைக்காரர் எங்கள் லென்ஸ் ஒன்றை மாட்டி ஐந்தாவதை நீட்டினார். இந்த முறை நான் கேமராவைப் பார்க்கவில்லை, இவர் கையைப் பார்த்தேன். ஷட்டரை அழுத்தவில்லை. எடையைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்துக்குப் பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால், பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி உள்ளே தெரிகிற காட்சி தெளிவாகும். கட்டைவிரலால் அதைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். அது கடைசிக்கு வந்து நின்ற பிறகும் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு கேமராவை மெதுவாகக் கீழே வைத்தார்.

நான் எடுத்துப் பார்த்தேன். எனக்கு உள்ளே ஒரே மங்கல்.

அந்தச் சக்கரம் எனக்குப் பழைய சண்டைக்காரன். எப்போதாவது அவர் கேமராவை நான் எடுத்தால் என் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிவிட்டு, திரும்ப மாற்ற மறந்துவிடுவேன். மறுநாள் அவர், "யாரு என் கண்ணை மாத்தி வச்சது?" என்று வீடே அதிரக் கத்துவார். இரண்டு வருடமாக அந்தக் கத்தல் இல்லை. மனுஷன் வயசுக்குப் பக்குவப்பட்டுவிட்டார் என்று மகளிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தேன்.

"தலை வலிக்குது. கொஞ்சம் வெளிய வாங்க" என்று சொல்லி அவரைக் கடைவாசல் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் முன்னால் கேட்கிற விஷயம் இல்லை அது.

"எவ்வளவு நாளா கண்ணு தெரியல?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியலன்னு இல்ல. மங்கலா இருக்கு. பழைய கேமராவுல கொஞ்சம் கொஞ்சமா திருப்பிட்டே வந்தேன். இந்த வருஷம் கடைசிக்கு வந்துடுச்சு. அதுக்கு மேல திரும்பல."

"நான் திருப்பி வச்சப்பல்லாம் ஒண்ணுமே சொல்லலியே நீங்க?"

"உன் கை பட்டதால மங்கலா, என் கண்ணால மங்கலான்னு தெரியல. கேட்டா, நான் தொடவே இல்லைன்னு சொல்லிடுவியோன்னு பயம்."

என் மாமனாருக்குக் கண்ணில் பிரஷர் கூடி, யாரும் கவனிக்காமல் விட்டு, கடைசிக் காலத்தில் பார்வையே இல்லை. சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறது என்று கையால் தடவுவார். அந்தக் கையை இவர் பிடித்துத் தட்டில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பாவும் முதல்ல மங்கலா இருக்குன்னுதான் சொன்னார்" என்றார். "நீ சேத்து வச்சது மொத்தமும் இதுதான். அதைப் போட்டு கேமரா வாங்கிட்டு, அப்புறம் கண்ணு போச்சுன்னா அதை யாரு வச்சு எடுக்கிறது? காசாவது உன் கையில இருக்கட்டும்னு பாத்தேன்."

பிடிப்பு, சத்தம் எல்லாம் இதற்குத்தான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எது முதலில் என்று தெரியாமல் கோபத்தையே எடுத்துக்கொண்டேன். "டாக்டர்கிட்ட போகணும்னு தோணலியா உங்களுக்கு?"

"போனா சொல்லிடுவாங்களே."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண் ஆஸ்பத்திரி நாலு நிறுத்தம் தள்ளி. வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். அவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் என் முகத்தைக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். காற்றை ஊதி பிரஷர் பார்த்தார்கள். சொட்டு மருந்து விட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன். படம் எடுக்க நான் கற்றுக்கொள்ளலாம். இவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவது எப்படி? இவர் சும்மா உட்கார்ந்திருப்பாரா? கல்யாண வீட்டில் மணமக்களை விட்டுவிட்டு, மூலையில் தூங்கிப்போன குழந்தையை எடுத்துக்கொண்டு வருகிற மனுஷன். பார்க்காமல் எப்படி இருப்பார்?

டாக்டரம்மா வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "அப்பாவுக்கு பிரஷர்னு சொன்னீங்கல்ல? உங்களுக்கு இல்ல. நரம்பு நல்லா இருக்கு. வருஷா வருஷம் வந்து பாத்துக்குங்க, போதும்" என்றார்.

"அப்ப இந்த மங்கல்?" என்று நான்தான் கேட்டேன்.

"வெள்ளெழுத்துங்க. கூட லேசா தூரப்பார்வை. நாப்பத்தஞ்சு தாண்டினா கண்ணாடி போட வேண்டியதுதான். இவர் என்ன வேலை பாக்கிறார்?"

"போட்டோகிராபர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கண்ணாடி இல்லாம இத்தனை நாள் எப்படி எடுத்தீங்க?"

"அவர் எங்க எடுத்தார் டாக்டர்? கேமராவே ஃபோகஸ் பண்ணிக்கும். இவர் சும்மா பட்டனை அமுக்குவார்."

இவர் திரும்பி என்னை முறைத்தார். மருந்து விட்ட கண், கண்மணி விரிந்து கிடந்தது, நான் சரியாகக்கூடத் தெரிந்திருக்க மாட்டேன். ஆனாலும் முறைத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று நன்றாக அழுதேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "யாருக்கு ஆபரேஷன்?" என்று கவலையாகக் கேட்டார். "யாருக்கும் இல்லம்மா, கண்ணாடிதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

கண்ணாடி தயாரானதும் அதைப் போட்டுக்கொண்டு நேராகக் கேமராக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும், வந்த பெருமூச்சை விழுங்கிக்கொண்டு, "வாங்கண்ணே" என்றார்.

"முதல்ல காட்டினீங்களே, அது இருக்கா?" என்றார் இவர்.

இருந்தது. எங்கள் லென்ஸ் ஒன்றை மாட்டி, சக்கரத்தைத் திருப்பினார். இந்த முறை அது பாதி வழியிலேயே நின்றது. எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி ஒரு படம் எடுத்தார். பின்பக்கத் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"உங்களுக்கு மங்கலா தெரிஞ்சப்பதான். அப்பவே பாத்திருந்தா சாயமாவது அடிச்சிருப்பேன்."

"வேணாம், நல்லாத்தான் இருக்கு" என்றார், பிறகு கடைக்காரரிடம், "இதையே போட்டுடுங்க" என்றார். மூக்குக் கண்ணாடிக்கும் அதே பணத்திலிருந்துதான் கொடுத்திருந்ததால் கொஞ்சம் குறைந்தது. நான் பேரம் பேசி அதைச் சரிக்கட்டினேன். இந்தக் குடும்பம் இனி திரும்பி வராது என்ற நிம்மதியிலேயே கடைக்காரர் விலையைக் குறைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கேமராவை எடுத்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. என் கண்ணுக்குத் தெளிகிறவரை சக்கரத்தைத் திருப்பினேன். இருந்த இடத்தில் அப்படியே வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து காத்திருந்தேன்.

"யாரு என் கண்ணை மாத்தி வச்சது?"

ஜன்னல் கம்பி அதிரக் கத்தினார். கீழ்வீட்டில்கூடக் கேட்டிருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் போடாமல் சிரித்தேன். அவர் இன்னொரு தடவை கத்தட்டும் என்று பதிலே சொல்லவில்லை.