பரீட்சைக்கு ஒரு கை

சனிக்கிழமை விடியவே பேபியக்கா போன் எடுத்தார். ஃபக்டரியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம், தன்னால் வர முடியாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு ரிசீவரை அடித்து வைத்திருப்பேன். ஆனால் அவர் மேல்வீட்டுக்காரர், வயதில் மூத்தவர், போதாததற்கு என் மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிறவர். "பரவாயில்லையக்கா" என்று தேன் ஒழுகச் சொல்லி, போனை வைத்த பிறகுதான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அன்று எனக்குப் பரீட்சை. இங்கே கனடாவில், மல்வேர்ன் பக்கத்து மோல் ஒன்றுக்குள் இருக்கும் நகக்கடையில் நான் வேலை செய்கிறேன். ஊரார் நகத்தையெல்லாம் வெட்டி, அராவி, கியூட்டெக்ஸ் பூசிவிடுகிற வேலை. பழகும்போதே ஒரு சேர்ட்டிபிக்கேற் எடுத்திருந்தேன், அதோடு படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அரசாங்கம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவள் கடைக்காரி லான். போன வருடம் கஸ்ரமர் ஒருத்தி வீங்கிய விரலோடும் வக்கீலோடும் கடைக்கு வந்து நின்றதிலிருந்து லானுக்குப் பயம் பிடித்துவிட்டது. இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் மீள்பயிற்சிக்குப் போக வேண்டும், கடைசியில் செய்முறைப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், பண்ணாதவளுக்குக் கடையில் கதிரை இல்லை என்று சொல்லிவிட்டாள். என் கதிரையில் அவளுடைய தங்கை மகள் ஏற்கெனவே கண் வைத்திருந்தாள்.

பரீட்சைக்குப் போகிறவள் தன்னோடு ஒரு கையையும் கொண்டுபோக வேண்டும். பொம்மைக் கை அல்ல, உயிருள்ள ஆளின் கை. பேபியக்காவின் கையை நான் ஒரு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பாத்திரம் கழுவ விடவில்லை, நகம் கடிக்க விடவில்லை. இப்போது அந்தக் கை ஓவர்டைமுக்குப் போய்விட்டது.

வீட்டில் மிச்சமிருந்த பெரிய ஆள் என் புருஷன் கிருபன்தான். சோபாவில் இருந்து ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறார். பின்நேரம் போனால் நான் நித்திரையான பிறகுதான் வருவார். நாங்கள் முகத்தை முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான், அதிலும் பாதி நேரம் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் கழியும்.

"இஞ்சேருங்கோ, வெளிக்கிடுங்கோ. உங்கட கை வேணும்."

"என்ர கையோ? பெம்பிளையளுக்கு நடுவிலை போயிருந்து நகம் வெட்டவோ? உமக்கென்ன விசரே?"

"உங்களைக் கியூட்டெக்ஸ் பூசிக்கொண்டு ரோட்டிலை நடக்கச் சொல்லேல்லை. முடிஞ்ச உடனை அழிச்சுவிடுவன். என்ர கதிரை போனா என்ன செய்யிறது?"

அவர் எழும்பி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆள் அல்ல. அவதியில் நான் அதைக் கவனிக்கவில்லை.

மகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தால், பஸ் வருகிற வழியைக் காணோம். மார்ச் மாதத்துப் பனி உருகி ரோட்டெல்லாம் கறுப்புச் சேறு. நான் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்தேன், பையைத் திறந்து சாமான்களைப் பார்த்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். அவர் இரண்டு கையையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டபடி மரம் மாதிரி நின்றார். "கையைக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். "குளிருது, அங்கை போய்ப் பாரும்" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பயிற்சிப் பள்ளி ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறிப் போகும்போதே எல்லோரும் மேசைகளில் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. ரீச்சர் மார்லீன், சுவர் மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனுஷி அல்ல, ஆனால் கண் பருந்துக் கண். என்னுடைய தவமலர் என்ற பெயரை அவர் "தாவா" என்று வெட்டிவிட்டார். சரி, அது அவருக்கு வசதி.

"தாவா, தொடங்கு" என்றார்.

நான் தொடங்கினேன். கிருபனின் கையை இழுத்து வெள்ளைத் துவாயில் வைத்து, மருந்து தெளித்துத் துடைத்து, சுடுதண்ணிக் கோப்பைக்குள் விட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் கூரையைப் பார்த்தார். வலது கை நடுவிரல் நகம் மஞ்சளாக இருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் கடைக்கு வந்தால் பத்தில் எட்டுப் பேருக்கு வலது கை நகம் மஞ்சள்தான். கறிச் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிற கைக்கு வேறென்ன நிறம் வரும்? தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

மார்லீன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அந்த விரல் ஏன் மஞ்சள்?"

"அது மஞ்சள் தூள், மிஸ். நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு இது தெரியாதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் குறிப்பெழுதும் அட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

குச்சியை எடுத்து நடுவிரல் நகத்தடித் தோலை மெல்லத் தள்ளினேன். கிருபன் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். கை துள்ளி, கோப்பைத் தண்ணீர் என் மடியில் கொட்டியது. நகத்தின் ஓரத்தால் சீழும் சிதளுமாக வந்தது.

மார்லீன் குச்சியை என் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டார். "இந்தக் கையாலா சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்.

"ஓம், இந்தக் கையால்தான்..." என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். இவர் எங்கே கையால் சாப்பிட்டார்? தைப்பொங்கலிலிருந்து வீட்டில் கரண்டியால்தானே சாப்பிடுகிறார். சோறோ இடியப்பமோ எதுவென்றாலும் கரண்டிதான், அதுவும் இடது கையால். "துரைக்குக் கனடாக் காத்துப் பிடிச்சிட்டுது" என்று நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

என் முகம் எரிந்தது. ஆத்திரம் யார்மேல் என்று தெரியவில்லை.

மார்லீன் கையுறை போட்டு, விரலைத் துடைத்துத் துணி சுற்றினார். "இன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும். கீழே தெருமுனையில் கிளினிக் இருக்கிறது, பின்நேரம் வரை திறந்திருக்கும். தண்ணீர் படவே கூடாது. என்ன வேலை செய்கிறார்?"

சொன்னேன். "அப்படியென்றால் வேலைக்குப் போகக் கூடாது என்று அவரிடம் சொல்லு" என்றார்.

நான் கிருபனிடம் திரும்பினேன். "கேட்டதே? இண்டைக்கு வேலைக்குப் போகேலாது."

"வேலை இல்லை" என்றார்.

"இண்டைக்கோ?"

"இனி. கை சுகமானாப் பிறகு வா எண்டு முதலாளி சொன்னவன். பிறகு போக, வேறை ஆளைப் போட்டிட்டன் எண்டான்."

"அப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் எங்கை போறனீங்கள்?"

"லைப்ரரியிலை இருந்தனான். அங்கை சூடா இருக்கும். தமிழ்ப் பேப்பரும் வரும்."

"எனக்கேனப்பா சொல்லேல்லை?"

"நீர் சோதினை சோதினை எண்டு பறந்துகொண்டு திரிஞ்சீர். முடியட்டும் எண்டு இருந்தன்." பிறகு இன்னும் தணிந்த குரலில், "இப்ப வீட்டிலை உம்மட கதிரை ஒண்டுதான் மிச்சம். அதை விட்டிடாதையும்" என்றார்.

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் ஒரு மேல்மாடி வகுப்பில் பதினைந்து பெண்களுக்கு நடுவில் செய்ய முடியாது. "வாங்கோ, கிளினிக்குக்குப் போவம்" என்று, பரீட்சைக்குக் கட்டியிருந்த மேலங்கியை அவிழ்க்க முடிச்சில் கை வைத்தேன்.

"நீர் இரும். நான் தனியப் போறன்."

"நீங்கள் போகமாட்டியள். எனக்குத் தெரியும்."

"அப்ப இதிலையே இருக்கிறன். நீர் செய்து முடியும், பிறகு ரெண்டு பேருமாப் போவம்." சொன்னபடியே எனக்குப் பின்னால் இருந்த சுவரோரக் கதிரையில், சுற்றிய விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மார்லீனுக்கு எங்கள் பாஷை புரியவில்லை. ஆனால் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். முன்மேசையில் போன் எடுக்கிற வெள்ளைக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டு என் முன்னால் இருத்தினார். "முதல் கையில் நீ ஃபெயில், தாவா. பார்க்காமலே தொட்டுவிட்டாய். இன்னொரு தரம் தருகிறேன், நேரம் கூட்டித் தர மாட்டேன்" என்றார். பிறகு குனிந்து, "உன் புருஷன் என்றதால்தானே கேட்காமல் விட்டாய்? முதலில் கேள். யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் கையைத் தொட வேண்டும்" என்றார்.

நான் கை கழுவினேன். புதுத் துவாய் விரித்தேன். மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே மூன்று தரம் பார்த்தேன். இந்தப் பிள்ளையின் விரல்கள் ரோசா நிறம், பூனைக்குட்டியின் பாதம் போல மெத்தென்று இருந்தன. பின்னால் கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. எழும்பிப் போகிறாரோ என்று காது கொடுத்தேன். போகவில்லை.

பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சொல்லித் தந்தபடி ஆங்கிலத்தில் கேட்டேன். "உங்கள் கையில் எங்காவது நோகிறதா?"

"இல்லை" என்று அவள் புன்னகைத்தாள்.

கிருபனுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஆனால் அந்தக் கேள்வி விளங்கியிருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதலாய் அவரிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குப் பின்னாலிருந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "ஓம். சரியா நோகுது" என்றார்.

கண் மறைத்தது. திரும்பிப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அழுதுகொண்டு நகம் அராவ முடியாது.

"கொஞ்சம் பொறுங்கோப்பா" என்றேன். "இந்தக் கையை முடிச்சுப்போட்டு வாறன்."