இடுப்பில் ஒரு பாக்கெட்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. அந்த நாளில்தான் ஆம்பளைகள் வேன் பிடித்து அருவி பார்க்கக் கிளம்புவார்கள். அருவி ஒரு சாக்கு. போகும்போது கையில் துண்டு இருக்கும், வரும்போது காலில் நிதானம் இருக்காது.

இந்த வருஷம் வேன் கேரளத்து அதிரப்பள்ளி அருவிக்கு. என் வீட்டுக்காரர் தங்கராசுவும் போகிறேன் என்றார். "நானும் வர்றேன்" என்றேன். அவர் முகம் போன போக்கிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்து ஆட்கள் செத்த வருஷம் குடியை விட்டவர் அவர். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மறுபடி தொட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நானும் சொல்லியிருந்தேன். வெறும் மிரட்டல் இல்லை, அண்ணனிடமும் பேசி வைத்திருந்தேன்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பிறந்ததிலிருந்து கரிக்கிற தண்ணீரில் நின்றவள். அதிரப்பள்ளியில் அவ்வளவு நல்ல தண்ணீர் கொட்டுவதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசு அடித்துக்கொண்டது.

வேன் பிடித்த பக்கிரியும் அவன் கூட்டாளிகளும் பொள்ளாச்சி தாண்டுவதற்குள் பின் சீட்டில் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். மகளை அண்ணன் வீட்டில் விட்டு வந்த நாங்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். குரங்கு அருவியில் எல்லாரும் தண்ணீரில் இறங்க, என் வீட்டுக்காரர் மட்டும் பாறைக்குப் பின்னால் போனார். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். முகம் துடைத்துவிடுகிற சாக்கில் மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. கள்ளன் பெரிசா காப்பான் பெரிசா என்று சும்மாவா சொன்னார்கள்?

வேன் ஒரு வளைவில் திரும்பியபோது அவர்மேல் சாய்ந்தேன். இடுப்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் தளும்பியது. பாக்கெட் சாராயம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

வால்பாறை தாண்டிய பிறகு காட்டுக்குள் ரோடும் ஆறும் கூடவே இறங்கின. எல்லாரும் ஆற்றைப் பார்த்துக் கத்தினார்கள். நான் அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாழச்சால் அருவியிலும் காணாமல் போனார். கண் சிவந்து வந்தார்.

"எங்க போனீங்க?"

"ஒண்ணுக்கு."

"ஒண்ணுக்குப் போனவரு எதுக்குக் கண்ணக் கசக்குறீங்க?"

விறுவிறுவென்று வேனில் ஏறிவிட்டார்.

சார்ப்பா அருவி ரோட்டோரமே விழுகிறது. எல்லாரும் பாலத்தில் நின்று போட்டோ எடுக்க, அவர் ஓரமாகக் கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். தண்ணீர் ஓரம் குத்துக்காலிட்டு, பாக்கெட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"யோவ், பொண்ணு தலையில சத்தியம் பண்ண கைதானய்யா இது!"

பாக்கெட்டைப் பிடுங்கி விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. எங்கள் அளத்து உப்பு. மலை ஈரத்தில் கசிந்து பாதி தண்ணீராகியிருந்தது.

"உப்ப எதுக்குய்யா இடுப்புல கட்டிக்கினு வர்ற?"

"கோயில் கொளத்துல உப்பு கொட்டி வேண்டிக்குவாங்கல்ல, உப்பு கரையறாப்புல நோயி கரையணும்னு. நம்மூர்க் கொளத்துல கொட்னா நாலு பேரு கேப்பான். ஓடற தண்ணில கொட்டலாம்னு வந்தேன். ஒவ்வொரு அருவிலயும் கொஞ்சம் கொட்டி, அழுது வேண்டிக்கினு வர்றேன்."

"உனக்கு என்னா நோயி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "குடிக்கணும்னு இருக்குது பூவிழி. டெய்லி இருக்குது. நான் அன்னிக்கே விட்டுட்டேன்னு நீ நெனச்சிக்கினு இருக்குற. நான் டெய்லி விட்டுக்கினு இருக்கேன்."

"அதுக்கு இந்தக் குடிகார வேன்தான் கெடச்சுதா?"

"தனியா மலைக்குப் போறேன்னா நீ நம்புவியா?"

நம்பியிருக்க மாட்டேன். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"கரைஞ்சுதா?" என்றேன்.

"இல்ல. பின்னால இருந்து வாசன வரும்போதெல்லாம் நாக்கு ஊறுது. ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள குடிச்சிருவேன் போல, பயமா இருக்குது."

மேலே ஏறிப் போய்ப் பக்கிரியிடம் எங்கள் பையைக் கேட்டேன்.

"இன்னா அக்கா, அதிரப்பள்ளி தோ வந்துருச்சு. அதப் பாக்கத்தானே வந்தீங்க?"

"நாங்க பஸ்ல போய்க்கறோம்ப்பா. நீங்க பாத்துட்டு வாங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவ்வளவு அசந்து அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. தூங்குகிறவர் வாயையும் ஒரு தடவை மோந்து பார்த்தேன், பொய் சொல்வானேன்.

கொஞ்ச நேரத்தில் அதிரப்பள்ளி, அதிரப்பள்ளி என்று சத்தம். அத்தனை பேரும் எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. எழுந்தால் தெரியும். நான் எழுந்தால் அவர் விழித்துக்கொள்வார், விழித்தால் அந்த நினைப்பும் விழித்துக்கொள்ளும்.

அருவிச் சத்தம் கேட்டது. அது தேயும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.