கண் டாக்டர் வரிசை

பொம்மைக் கம்பெனியில் இலவச மருத்துவ முகாம். மேனேஜருக்கு எவ்வளவு பெரிய மனசு! சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மேசை. ஒன்று கண் பரிசோதனைக்கு. இன்னொன்றின் தலைக்கு மேலே, "இளம் பெண்களுக்கான பால்வினை நோய்ப் பரிசோதனை, ரகசியம் காக்கப்படும்" என்று ஆளுயர எழுத்தில் பேனர். அந்த மேசையை மேடைக்குக் கீழே, மைக்குக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். முதலில் வருகிற பெண்ணைப் படம் பிடிக்க ஒரு போட்டோக்காரர் வேறு. ரகசியத்தை இதைவிட எப்படி ஐயா காப்பாற்றுவது!

அங்கே ஈ காக்கா இல்லை. நர்ஸம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கண் டாக்டர் வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது.

அந்த வரிசையில், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுகிற பெண்ணும் நின்றாள். பொம்மைகளுக்குக் கண் ஒட்டுகிறவள். இம்மி கோணினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம். கொஞ்ச நாளாக அடிவயிற்றில் வலி, வெள்ளைப்படுதல். மாமியாரிடம் சொன்னால், "உடம்புச் சூடு, தண்ணி குடி" என்று முடித்துவிட்டார்.

முறை வந்ததும் குனிந்து குசுகுசுத்தாள். "டாக்டர்... கண்ணு இல்ல, அடிவயிறு வலி... வெள்ளையும் படுது..."

கண் டாக்டரம்மா தலையில் கைவைத்தார். "நீயுமா? காலையிலேருந்து ஒரு கண்ணுகூட எங்கிட்ட வரலைம்மா! அந்த மேசைக்குப் போ. சின்ன டெஸ்ட்தான். தொத்து இருந்தாலும் மாத்திரையிலயே சரியாகும், உன் வீட்டுக்காரரும் சேர்ந்து சாப்பிடணும். கவனிக்காம விட்டா, குழந்தை உண்டாகுறதே கஷ்டமாயிடலாம்."

வாயாடி திரும்பிப் பார்த்தாள். பேனர், கேமரா, மேனேஜர். பேசாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இவளுக்குப் போய் வாயாடி என்று பேர் வைத்தார்களே!

மேனேஜர் மைக்கைத் தட்டினார். "ஒருத்தருக்குக்கூட அந்த நோய் இல்ல! நம்ம பொண்ணுங்க சொக்கத் தங்கம்! பாவம், கண்ணுதான் எல்லாருக்கும் கெட்டுக் கிடக்கு. ஆளுக்கொரு கண்ணாடி இலவசம்!"

கூடமே கைதட்டியது. வாயாடியும் தட்டினாள். தட்டும்போதே வயிற்றில் சுரீர் என்றது. மாசா மாசம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற மாமியார் முகம் நினைவுக்கு வந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. இந்த நாலு பேருக்குப் பயந்து என் வயித்தைக் கெடுத்துக்கணுமா? எழுந்து நடந்தாள்.

"ஏம்மா, கண் டெஸ்ட் அந்தப் பக்கம்!" என்று மைக்கிலேயே வழிகாட்டினார் மேனேஜர்.

"கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

நர்ஸம்மா பதறினார். "ஐயையோ, வந்தவங்க பூஜ்யம்னு எழுதிட்டேனே!"

"அழிங்கக்கா" என்றாள் வாயாடி.