கழற்சிக்கொடி பிரித்த தையல்

தையல்காரி வீட்டு வேலியில் படர்ந்திருந்த கழற்சிக்கொடி, நோயை மறைத்துக்கொண்டு நடப்பவர்களை மட்டும் முள்ளால் பிடித்து நிறுத்தியது. அவள் அதை வைத்தது ஆடு வராமல் இருக்கத்தான். முதல் வருஷம் தபால்காரர் காய்ச்சலோடு மாட்டினார். அப்புறம் எதிர்வீட்டு மாமியார், வீங்கிய முழங்காலோடு. உண்மையைச் சொன்னால் முள் தானாக விட்டுவிடும். மருந்தும் கொடியிலேயே இருந்தது: காய்ச்சலுக்கு, கழற்சிக்காயை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை வறுத்து மிளகோடு பொடித்துக் கொடுப்பாள், வீக்கத்துக்கு, விளக்கெண்ணெயில் வதக்கிய இலை. மருந்தும் ஓசி, கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுப்பதும் ஓசி. பதினோரு வருஷமாக இதே ரோதனை.

"ஒரு பாவாடைக்கு நாடா கோக்க விடுறாங்களா இந்த சனங்க!" என்று மிஷினை மிதித்தபடியே கத்துவாள். "வெட்டித் தொலையேன்" என்பார் பஸ் ஓட்டும் புருஷன். அவள் வெட்டவில்லை. ஆனால் ஆறு மாதமாகப் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தாள். இலையைக்கூட மாடியிலிருந்து துரட்டியால் பறித்தாள். அதைப் பார்த்தாலே எரிச்சல் என்றாள். எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையிலேயே மூன்று பேர் மாட்டினார்கள். மூன்று பேரையும் தள்ளி நின்றே உண்மையைச் சொல்லவைத்து அனுப்பியவள், பொறுமை போய், அரிவாளோடு முன்வாசலுக்கே வந்துவிட்டாள். கொடி அவள் இடது கக்கத்தைப் பிடித்தது. ரவிக்கைத் துணியைக் கிழிக்கவில்லை; அந்தப் பக்கத் தையலை மட்டும் ஒவ்வொரு நூலாகப் பிரித்தது. விடுவிக்க ஓடிவந்த புருஷன் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் எதுக்குடி ரெண்டு இஞ்ச் விட்டுத் தைச்சிருக்க?"

"துணி சுருங்கிடுச்சு." முள் இன்னும் இறுக்கியது.

"ஒரு பக்கம் மட்டுமா சுருங்கும்?"

"கக்கத்துல கட்டிங்க! இலை வச்சுக் கட்டிப் பார்த்தேன், கேக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்வாங்களோன்னு பயமா இருக்கு. போதுமா?"

கொடி விட்டுவிட்டது. அவர் அன்றைக்குப் பஸ் எடுக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் திட்டிவிட்டு, கட்டியை அறுத்து எடுத்தார்.

பத்து வாரம் கழித்து அவள் முன்வாசல் வழியாகவே வந்தாள். ஒரு முள்ளும் தொடவில்லை. நம்பாமல் இன்னும் நெருங்கி, கொடிமேல் உரசியே நின்று பார்த்தாள். ஒன்றுமில்லை. உள்ளே போய், அந்த ரவிக்கையைச் சரியான அளவுக்குப் பிடித்துத் தைக்கும்போதுதான் அழுதாள். பாதித் தையலில் வாசலில் பால்காரர் அலறினார்.

"இழுக்காதய்யா, வரேன்! உடம்புக்கு என்னன்னு அதுகிட்ட சொல்லித் தொலை, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.