ஏழு விரல் அம்மா

பம்மலில் உள்ள அந்த நர்சரி பிரைமரி பள்ளியில் மூன்று வருடமாகப் பெரியவர்கள் அடித்த பெயிண்ட் எதுவும் நிற்பதில்லை. காலையில் அடித்தால் சாப்பாட்டு மணிக்குள் பாலாடை மாதிரி சுருண்டு தரைக்கு வந்துவிடும். பெயிண்டர் வெற்றிவேல் பிரைமரை மாற்றிப் பார்த்தார், கடையை மாற்றிப் பார்த்தார், கடைசியில் சுவரில் ஈரம் என்று சொல்லிவிட்டுக் குரோம்பேட்டைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஈரமாவது ஒன்றாவது! காரணம் தெருவுக்கே தெரியும்.

கண்காட்சி வந்தால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் களிமண்ணிலும் கலரிலும் செய்ததையெல்லாம் சாக்கில் கட்டி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். மிஸ்களே உட்கார்ந்து தெர்மாக்கோலை அறுத்து மயிலும் ராக்கெட்டும் செய்து, அதில் பிள்ளையின் பெயர்ச் சீட்டை ஒட்டுவார்கள். நாலு வயசுப் பிள்ளை ராக்கெட் செய்ததாம்! பெற்றோரும் வெட்கமில்லாமல் அதன் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "பார்க்க நீட்டா இல்லன்னா அட்மிஷன் யாரு மிஸ் போடுவாங்க?" என்பார் கரெஸ்பாண்டென்ட் எலியேசர்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கண்காட்சி சமயத்தில், யுகேஜி அபிகாயில் ஆர்ட் ரூம் சுவரில் தன் அம்மா ஞானசௌந்தரியைப் பச்சையில் வரைந்தாள். வலது கையில் ஏழு விரல். ஞானசௌந்தரி தோல் கையுறை செய்யும் கம்பெனியில் கட்டிங் மிஷினில் வேலை செய்பவள். ஏன் ஏழு என்று ஆர்ட் மிஸ் தீபலட்சுமி கேட்டாள்.

"ரெண்டு வெரலு மிஷின்ல பூட்ச்சு மிஸ். இன்னும் போனா இன்னா பண்றது? அதான் எக்ஸ்ட்ரா வெச்சேன்."

தீபலட்சுமி அதை அப்படியே விட்டுவிட்டாள். கண்காட்சிக்கு முந்தின நாள் ரவுண்ட்ஸ் வந்த எலியேசர் விடவில்லை. பள்ளி மானம் போகிறது என்று தானே பிரஷ்ஷை வாங்கி, இரண்டு விரல் மேல் வெள்ளையடித்தார். அபிகாயில் அழவில்லை. இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு கத்தினாள்: "எங்கம்மா வெரலை ஏன் சார் வெட்டுன?"

அன்று மதியம் அந்த வெள்ளை கழன்று விழுந்தது. கூடவே காம்பவுண்டு மஞ்சள், பெயர்ப் பலகை, மயில்களின் நீலம், எல்லாம் வழிந்தன. அடியில் இருந்த சுவர்ப் பெயிண்ட் உரிந்ததில் பச்சை அம்மாவும் போய்விட்டாள். மறுநாள் கண்காட்சிக்கு வந்த பெற்றோர் கலர்த் தண்ணீரில் செருப்பு நனைய, வெறும் தெர்மாக்கோல் துண்டுகளில் தங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் படித்துவிட்டுப் போனார்கள்.

எலியேசருக்கு அப்போதும் புத்தி வரவில்லை. அபிகாயில் கையைப் பிடித்து, ஐந்து விரலோடு அம்மாவை வரையச் சொல்லி மிஸ்களை ஏவினார். அதுவும் வழிந்தது. பிஞ்சு மணிக்கட்டு சிவந்து கிடந்ததைப் பார்த்ததும் தீபலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அவ கை சார்! விடச் சொல்லுங்க! வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்பிக்கோங்க!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். விட்டார்கள். அபிகாயில் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவை முதலிலிருந்து வரைந்தாள், ஏழு விரலோடு. அது நின்றது.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த ஞானசௌந்தரியின் வலது கையில் பச்சையாக நாலு விரல் முளைத்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மடக்கினாள், மடங்கின. "நல்லாத்தான் கீது," என்று மறுநாள் வேலைக்குப் போனாள்.

இப்போது பள்ளிப் பெயர்ப் பலகையை யுகேஜி பிள்ளைகள்தான் கோணல்மாணலாக எழுதுகிறார்கள். அட்மிஷன் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மிஷினுக்குத் தடுப்பு மாட்டச் சொல்லி ஞானசௌந்தரி இரண்டு தரம் கேட்டாள். "உனக்குத்தான் வெரலு மொளைக்குதேம்மா, அப்பறம் இன்னா?" என்றான் கம்பெனிக்காரன். பாவி, சிரித்துக்கொண்டே சொன்னான். போன மாதம் இன்னொரு விரல் போனது. மறுநாள் காலை, மூன்றாம் வகுப்பு அபிகாயில் பிரேயருக்கு முன்னால் ஆர்ட் ரூமுக்குப் போய், அதை வரைந்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.